கடலரசனுக்கு ஒரு தட்டு மீன்

1941-ஆம் ஆண்டில் பிறந்த அக்வாமேன் என்னும் கடல்வீரனை, 1973-இல் தொடங்கிய ‘சூப்பர் ஃப்ரெண்ட்ஸ்’ கார்ட்டூனுக்குப் பிறகு, மீனோடு பேசுகிறவன் என்று அமெரிக்கர்கள் பரிகசித்தே வந்திருக்க, அந்தப் பரிகாசத்தையே மூலதனமாக்கி 2011-இல் ஜெஃப் ஜான்ஸ் எழுதி ஐவன் ரெய்ஸ் வரைந்த காமிக்ஸின் முதல் இதழை நேற்று மிகுந்த சந்தோஷத்துடன் வாசித்து முடித்தேன்.

திரிசூலமும் பொன்னிறக் கவசமுமாய் உணவகமொன்றில் வந்தமர்ந்து அவன் வறுத்த மீனும் உருளைக்கிழங்கும் கேட்க, மீனுக்குச் சிநேகிதன் மீனையே தின்பதா என்று சுற்றியிருப்போர் திகைக்க (நியாயமான கேள்விதான்!), ஒருவன் அருகில் வந்து, யாருக்கும் பிரியமில்லாத வீரனாய் இருப்பது எப்படி இருக்கிறது என்று கூசாமல் விசாரிக்கிறான். கோபாவேசமாய் ஒரு வசனம் பேசவைக்க எந்தக் கதாசிரியருக்கும் ஆசை எழக்கூடிய அந்த இடத்தில், பொற்காசுகளை மேஜைமேல் வைத்துவிட்டு அக்வாமேனை எழுந்து போகச் செய்தாரே, அங்கேதான் ஜான்ஸின் சாமர்த்தியம் இருக்கிறது. கவசத்தின் செதிள்களை ஒவ்வொன்றாய் மினுங்கவைத்த ரெய்ஸின் சித்திரங்களோ தனி விருந்து.

பேட்மேனையே கட்டிக்கொண்டிருக்கும் நண்பர்கள் இதையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.