விற்கவும் வாங்கவும் ஒரே விலை

புனேயின் சதாசிவப் பேட்டையில் தந்தை விட்டுச்சென்ற உடைமைகளைப் பிரித்துக்கொள்ள அமர்ந்த ஓர் அண்ணனுக்கும் தங்கைக்கும் வீட்டைப் பற்றிக் கருத்து வேறுபாடு எழவில்லை. வீட்டுக்கு அரசின் வழிகாட்டி மதிப்பு இருந்தது. வைப்புத்தொகைக்கு வங்கியின் அறிக்கை இருந்தது. இருவரும் சிக்கிக்கொண்டது, தந்தை 1970இல் புதிதாக வாங்கிய ஃபியட் 1100 டெலைட் காரில்தான். புனேயிலேயே வாழும் தங்கை அதை வைத்துக்கொள்ள விரும்பினார். பெங்களூரில் அடுக்ககத்தில் குடியிருக்கும் அண்ணனுக்கு அதை நிறுத்த இடமில்லை. மகளின் கல்லூரிக் கட்டணம் நெருங்கிக்கொண்டிருந்ததால் தம் பாதிப் பங்கைப் பணமாகக் கேட்டார். அந்தக் கேட்பு நியாயமானதே. ஆனால் எதன் பாதி? மூன்று மாதம் விடை கிடைக்கவில்லை. அதற்குள் ஞாயிறுதோறும் நிகழ்ந்துவந்த தொலைபேசி உரையாடல் நின்றுபோயிருந்தது.

தொகைகள் கிடைக்காமல் இல்லை. டெலைட்டின் எடை ஏறத்தாழ 900 கிலோ. கிலோவுக்கு 25 ரூபாய் என்று கணக்கிட்ட பழைய இரும்புக் கடைக்காரர் 22,500 ரூபாய் என்றார். பல்லாண்டுகளாக அந்தக் காரைப் பராமரித்த மெக்கானிக் ஒன்றேகால் இலட்சம் என்றார். இணைய விளம்பரங்களில் அதே வகைக் காருக்கு நாலரை இலட்சம் கேட்டிருந்ததை அண்ணன் அனுப்பிவைத்தார். முதல் தொகைக்கும் கடைசித் தொகைக்கும் இடையே இருபது மடங்கு. இவற்றில் எதுவும் பொய்யன்று. முதலாமவர் இரும்பை விலை பேசினார். இரண்டாமவர் ஓடும் வண்டியை விலை பேசினார். விளம்பரம் கொடுத்தவரோ ஒரு காலத்தை விலை பேசினார்.

இந்தக் காருக்கு ஒரு காலத்தில் விலை மிகத் துல்லியமாக இருந்தது என்பதுதான் வேடிக்கை. பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனம் தயாரித்த ஃபியட்டின் விலையை அரசே கட்டுப்படுத்தியது. அந்தக் கட்டுப்பாட்டை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. ஒரு காருக்கு நியாயமான விலை எது என்று 1971இல் இந்நாட்டின் உச்ச நீதிமன்றமே உற்பத்திச் செலவையும் இலாப விகிதத்தையும் கூட்டிக் கழித்துப் பார்க்க நேர்ந்தது. ஆயினும் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த மக்களிடையே, கையில் கிடைக்கும் பழைய கார் புதுக் காரின் அரசு விலையைத் தாண்டியும் கைமாறியது. ஆணையில் இருந்த விலை ஒன்று, தெருவில் நிலவிய விலை வேறு.

இன்றைய காப்பீட்டு விதியும் ஓரெல்லையில் கைவிரித்துவிடுகிறது. காரின் காப்பீட்டு மதிப்பைக் கணக்கிடும் அட்டவணை முதல் ஆறு மாதத்துக்கு 5 விழுக்காட்டில் தொடங்கி, ஐந்தாம் ஆண்டில் 50 விழுக்காடு தேய்மானத்தோடு முடிகிறது. அதன்பின் நிறுவனமும் உரிமையாளரும் பேசி உடன்படும் தொகையே மதிப்பு. ஐம்பது ஆண்டு கடந்த காருக்கு எந்தச் சூத்திரமும் இல்லை. உடன்பாடு மட்டுமே உண்டு. உடன்பாடுதான் அந்த வீட்டில் இல்லாமற்போயிருந்தது.

கல்லூரியில் புள்ளியியல் கற்பித்த தங்கைக்கு, அண்ணன் அனுப்பிய விளம்பரங்களில் உள்ள குறை உடனே புலப்பட்டது. நியாயமான விலை சொன்ன கார் விற்று மறைந்துவிடுகிறது. மிகை விலை சொன்ன கார் மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கிறது. எனவே ஏதேனும் ஒரு நாளில் பட்டியலைப் பார்ப்பவர் கண்ணில் விற்காத கார்களே அதிகம் படும். கேட்ட விலை ஆவணப்படுகிறது. கொடுத்த விலை இருவருக்குள் முடிந்துவிடுகிறது. காரின் பண்புகளைத் தனித்தனியே பிரித்து ஒவ்வொன்றுக்கும் விலை காணும் முறையும் பொருளியலில் உண்டு. 1939இல் ஆண்ட்ரூ கோர்ட், 1961இல் ஸ்வி கிரிலிக்கஸ் ஆகியோர் அம்முறையைக் கார்களைக் கொண்டே வளர்த்தெடுத்தனர். அதற்கு நூற்றுக்கணக்கான விற்பனைத் தரவுகள் வேண்டும். புனேயில் ஓராண்டில் விற்கும் 1970ஆம் ஆண்டு டெலைட்டுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

பண்புகளை எண்ணாவிட்டாலும் அறியலாமே என்று தங்கை தொடங்கினார். முதலில் தகடு. இந்தக் காருக்குத் தனிச் சட்டம் கிடையாது. உடலே சுமை தாங்கும் கட்டமைப்பு. எனவே தளத்திலும் கதவுகளுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகட்டிலும் துரு ஏறினால் அது அழகுக் குறை அன்று, எலும்பு நோய். மும்பையின் உப்புக் காற்றில் வளர்ந்த காரைவிடப் புனேயின் கார் பிழைத்திருக்க வாய்ப்பு அதிகம் என்றாலும், விரிப்பைத் தூக்கிப் பார்க்காமல் எதுவும் சொல்வதற்கில்லை. அடுத்து செலவு. டிங்கரிங், பெயிண்ட், குரோம், ரப்பர், இருக்கைத் துணி எல்லாம் சேர்த்துப் புதுப்பித்தால் ஆகும் தொகை, புதுப்பித்த காரின் விற்பனை விலையைத் தாண்டிவிடக்கூடும். செலவழித்த ரூபாய் அத்தனையும் மதிப்பாக மாறுவதில்லை.

மூன்றாவது, தாள்கள். ஐம்பது ஆண்டு கடந்த வாகனங்களை ‘விண்டேஜ்’ எனப் பதிவு செய்ய 2021 ஜூலையில் மத்திய அரசு விதி வகுத்தது. சேசிசோ உடற்கூடோ என்ஜினோ மாற்றப்படாமல் மூல வடிவில் இருக்கவேண்டும். பதிவு பத்தாண்டு செல்லும். பழைய எண் அப்படியே நீடிக்கும். ஆனால் அன்றாட ஓட்டத்துக்கு அனுமதியில்லை. மூலத்தன்மை என்பது அதுவரை ஆர்வலர்களின் சுவை. அன்று முதல் அது சட்டம் கேட்கும் சான்று. என்ஜின் எண் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எண்ணோடு பொருந்துகிறதா என்பது இப்போது பெயிண்டைவிட முக்கியம்.

பயன்பாட்டுக்கும் இதே நிலைதான். சொந்த உபயோகத்துக்கான காரை விற்றுக் கிடைக்கும் ஆதாயத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை. ஆனால் 1983இல் 20,000 ரூபாய்க்கு வாங்கப்பட்டுப் பின்னர் 21 இலட்சத்துக்கு விற்கப்பட்ட 1931ஆம் ஆண்டு ஃபோர்டு கார் ஒன்று தொடர்பான வழக்கில், அதைச் சொந்த உபயோகத்துக்கு ஓட்டியதற்குச் சான்றில்லை என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2025இல் வரித்துறையின் பக்கம் தீர்ப்பளித்தது. தந்தை பெட்ரோல் போட்ட ஒவ்வொரு நாளையும் கிலோமீட்டர் கணக்கோடு எழுதிவைத்த பதினொரு குறிப்பேடுகள் அலமாரியில் இருந்தன. அவற்றுக்கும் ஒரு விலை உண்டு என்பதைத் தங்கை அப்போதுதான் உணர்ந்தார்.

இவ்வளவு அறிந்தபின்னும் பிணக்கு தீரவில்லை, சொல்லப்போனால் கூடியது. ஜார்ஜ் அகர்லாஃப் பழைய கார்ச் சந்தையைப் பற்றி 1970இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், விற்பவருக்குத் தெரிந்த குறை வாங்குபவருக்குத் தெரியாததால் நல்ல காரும் விலைபோகாமல் சந்தையே சுருங்கும் என்று காட்டினார். உள்ளூர்ச் சந்தையில் வாங்கிய அரிசியில் வேண்டுமென்றே கலக்கப்பட்ட கல்லைப் பொறுக்கும் இந்தியப் பெண்களும் அதில் ஓர் எடுத்துக்காட்டாக வருகின்றனர். இவ்வீட்டிலோ நிலைமை தலைகீழ். வாங்க விரும்பும் தங்கைக்கே காரைப் பற்றி எல்லாம் தெரியும். பங்கை விட்டுக்கொடுக்கும் அண்ணனுக்குத் தெரிந்ததெல்லாம் சிறுவயதில் பின்னிருக்கையில் அமர்ந்து லோனாவ்லா மலைப்பாதையில் ஏறிய கார்தான். தங்கை துருவைப் பற்றிச் சொல்லச் சொல்ல, அவர் விலையைக் குறைக்கப் பார்க்கிறார் என்றே அண்ணனுக்குப் பட்டது. அறிவு கூடக்கூட நம்பிக்கை குறைந்தது.

வழி காட்டியது, பலகாரத்தைப் பங்கிடக் குழந்தைகளுக்கும் தெரிந்த பழைய நியாயம்: ஒருவர் இரண்டாகப் பிட, மற்றவர் முதலில் எடுக்கட்டும். காரைப் பிட முடியாது, விலையைச் சொல்லலாம். தங்கை முழுக் காருக்கும் ஒரு தொகை சொல்லவேண்டும். அந்தத் தொகையில் பாதியைப் பெற்றுக்கொண்டு காரை விடுவதா, பாதியைக் கொடுத்துக் காரை எடுப்பதா என்பதை அண்ணன் முடிவு செய்யவேண்டும். குறைத்துச் சொன்னால் கார் கைவிட்டுப் போகும். கூட்டிச் சொன்னால் பணம் போகும்.

இவ்விதியில் ஓர் ஓட்டை உண்டு. நிறுத்த இடமில்லாதவர் காரை எடுக்கமாட்டார் என்று தெரிந்தால், குறைத்துச் சொல்வதில் ஆபத்தில்லை. அண்ணன் உண்மையிலேயே எடுக்கக்கூடியவராக இருந்தால்தான் சொல்லும் விலை நேர்மையாக இருக்கும். தங்கை அந்த ஓட்டையைத் தாமே அடைத்தார். நான்கு பக்கத்தில் காரின் நிலையறிக்கை எழுதினார். ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே ஓர் உள்ளங்கையளவு ஓட்டை, வலப்புறப் பெட்டித் தகட்டில் துரு, பொருந்தும் என்ஜின் எண், மாற்றப்படாத ஸ்டீயரிங் தண்டு கியர், பதினொரு குறிப்பேடுகள் என அனைத்தையும் நிழற்படங்களோடு அனுப்பி, பழைய கார் வாங்கி விற்கும் இருவரின் எண்களையும் சேர்த்து அனுப்பினார். அறிக்கையின் இறுதியில் 2,40,000 என்று எழுதியிருந்தார்.

அண்ணன் அந்த வணிகர்களிடம் விசாரித்தார். நேரில் பாராமலே ஒருவர் இரண்டு இலட்சம் என்றார். மற்றவர் 2,30,000 வரை தரலாம் என்றார். அண்ணன் 1,20,000 ரூபாயைப் பெற்றுக்கொண்டு, உரிமையாளர் இறந்தபின் பெயர் மாற்றக் கொடுக்கும் 31ஆம் எண் படிவத்துக்கான ஒப்புதல் கடிதத்தில் கையொப்பமிட்டு அனுப்பினார்.

2,40,000 என்பது காரின் ‘உண்மையான’ மதிப்பா என்ற கேள்விக்குப் பொருளில்லை. அத்தகைய எண் இரும்பிலோ விளம்பரத்திலோ சட்டத்திலோ ஒளிந்திருக்கவில்லை. வேறொருவரின் பொருளுக்கு விலை சொல்வது கருத்து. அதே விலைக்கு விற்கவும் வாங்கவும் ஒருங்கே கட்டுப்பட்டுச் சொல்வதுதான் மதிப்பீடு. சொல்பவர் தவறினால் இழக்க அவருக்கு ஏதேனும் இருக்கவேண்டும்.

இரண்டு மாதம் கழித்து டிங்கரிங் கடையில் தளத்தகட்டை வெட்டிப் பார்த்தபோது, துரு அறிக்கையில் எழுதியதைவிட ஆழமாகப் போயிருந்தது. 18,000 ரூபாய் கூடுதலாக ஆயிற்று. அதில் பாதியைத் தருவதாக அண்ணன் சொன்னார். தங்கை வாங்கிக்கொள்ளவில்லை, விலையை எழுதியவர் அவரே அல்லவா? அன்றைய தொலைபேசி உரையாடல் அதன்பின் ஒரு மணி நேரம் நீண்டது. காரைப் பற்றி அதில் வேறு பேச்சு எழவில்லை.