நீருக்கு ஒரு வழி

நுழையும்முன்

வறண்ட நிலத்தில் வளர்ந்த தமிழாசிரியர் ஒருவர், பிச்சாவரத்து உப்பங்கழியில் படகேறிக் கற்றுவந்த பாடத்தை இக்கட்டுரை கூறுகிறது.

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து மம்சாபுரம் என் ஊர். எங்களுக்குத் தெரிந்த பெரிய நீர்ப்பரப்பு கண்மாய்தான். கடலையும் கழியையும் நூல்வழியே அறிந்தவன் நான். நெய்தல் திணையை நடத்துகையில் ‘கண்டல்’ என்னும் சொல் வந்தால், ‘உப்பங்கழியில் வளரும் மரம்’ என்று கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குச் சென்றுவிடுவேன். ஒருநாள் மாணவி ஒருத்தி எழுந்து, “ஐயா, உப்புத்தண்ணி ஊத்துனா நம்ம ஊருச் செடியெல்லாம் கருகிப்போகுதே, அந்த மரம் மட்டும் எப்படிப் பிழைக்குது?” என்று கேட்டாள். “பிறகு சொல்கிறேன்” என்றேன். விடை எனக்குத் தெரியாது.

பல ஆண்டுகளுக்குப்பின் குடும்பத்துடன் சிதம்பரம் சென்றபோது, அங்கிருந்து கிழக்கே பிச்சாவரத்திற்குப் போனோம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே ஏறத்தாழ 1,100 எக்டேர் பரப்பில் அமைந்த அலையாத்திக் காடு அது. எங்களுக்கென ஒரு துடுப்புப் படகை அமர்த்திக்கொண்டோம். அகன்ற கழியில் வெயில் சுட்டது. குறுகிய கால்வாய்க்குள் படகு நுழைந்ததும் கிளைகள் தலைக்குமேல் கூடி நிழல் தந்தன. சுரபுன்னை மரங்கள் வளைந்த வேர்களைக் கால்களாக ஊன்றிச் சேற்றில் நின்றன.

முதியவரான படகோட்டி வெண்கண்டல் இலையொன்றைப் பறித்து, “நாக்குல வச்சுப் பாருங்கய்யா” என்றார். கரித்தது! வேர் வழியே ஏறிய உப்பை இலை வழியே வெளியேற்றுகிறது அம்மரம். சுரபுன்னையோ உப்பின் பெரும்பகுதியை வேரிலேயே தடுத்துவிடுகிறது. மாணவியின் கேள்விக்கு விடை என் நாவிலேயே கிடைத்தது. மற்றொரு மரத்தை நோக்கி என் கை நீண்டபோது, “அது தில்லை, பால் கண்ணுல பட்டா ஆபத்து” என்று தடுத்தார். சிதம்பரத்திற்குத் தில்லை என்னும் பெயரைத் தந்த மரத்தை அன்றுதான் கண்டேன்.

இக்காடும் ஒருகாலத்தில் பல இடங்களில் அழிந்திருந்தது. மரங்களை மொத்தமாக வெட்டியதால் வெயில்பட்ட மண் தாழ்ந்து பள்ளமாயிற்று. உள்ளே வந்த கடல்நீர் வெளியேற வழியின்றித் தேங்கி, உப்பு மிகுந்தது. 1990களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் இணைந்து, மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டிக் கன்றுகளை நட்டனர். ஓதநீர் வந்து திரும்ப வழி கிடைத்ததும் காடு மீண்டது. 2004 திசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை எழுந்தபோது, அலையின் வேகத்தைத் தணித்துப் பின்னிருந்த சிற்றூர்களைக் காத்தது இக்காடு. 2022இல் இது இராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

கரையேறும்போது “எப்படிய்யா இருந்துச்சு?” என்றார் படகோட்டி. என் நினைவோ எங்கள் ஊர்ப்பக்கத்துக் கண்மாய் ஒன்றில் நின்றது. மழை பெய்தும் அது நிறைவதில்லை. வானத்தைக் குறைகூறி வந்தோமேயன்றி, சீமைக்கருவேல் அடைத்துக்கிடந்த வரத்துக்காலை எவரும் நடந்து பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை.

ஊர் திரும்பிய வாரமே மாணவர்களுடன் அவ்வரத்துக்கால் நெடுக நடந்தேன். கேள்வி கேட்ட மாணவி இப்போது எங்கிருக்கிறாளோ, அறியேன். அவளுக்குத் தரவேண்டிய விடையை இவர்களிடம் சொன்னேன். இன்று ‘கண்டல்’ என்று கரும்பலகையில் எழுதினால், அடுத்த சொல்லுக்கு நான் விரைவதில்லை.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊர் நீர்நிலைக்கு நீர் வந்துசேரும் வழியை நேரில் கண்டு, அதன் இன்றைய நிலையை ஒரு பக்க அளவில் எழுதுக.