நாட்ச் ஃபில்டரின் பூர்வீகம்

சர்வோ டிரைவில் கெய்னை ஏற்றிக்கொண்டே போனால் ஓர் இடத்தில் இயந்திரம் கீச்சென்று கத்தும். எந்த அதிர்வெண்ணில் கத்துகிறது என்று பார்த்து, அந்த எண்ணை நாட்ச் ஃபில்டரில் கொடுத்தால் அடங்கிவிடும். இதையே தொழிலாகச் செய்கிறவனுக்கு, இது எங்கே பிறந்தது என்ற கேள்வி தாமதமாகத்தான் வந்தது.

லேத், மில்லிங் பற்றிய பழைய நூல்களில் தேடினேன். அவை என்னை டெலிபோன் பக்கம் அனுப்பின. பெல் ஆய்வகத்தின் ஹெர்பர்ட் அகஸ்டாட் 1938இல் காப்புரிமை பெற்ற 'இரட்டை டி' சுற்றுதான் அங்கே நின்றது. அதில் காயில் கிடையாது. ரெசிஸ்டர் மூன்று, கபாசிடர் மூன்று. குறிப்பிட்ட ஓர் அதிர்வெண் மட்டும் அதைத் தாண்டிப் போகாது.

அது சர்வோவுக்குள் நுழைந்த கதை இன்னும் சுவையானது. எம்.ஐ.டி. கதிர்வீச்சு ஆய்வகத்தின் போர்க்கால அனுபவத்தைத் தொகுத்து ஜேம்ஸ், நிக்கோல்ஸ், ஃபிலிப்ஸ் மூவரும் 1947இல் வெளியிட்ட சர்வோ நூலில் இதே சுற்று இருக்கிறது. (சீக்லர்–நிக்கோல்ஸ் ட்யூனிங்கில் வரும் அதே நிக்கோல்ஸ்தான்.) ஆனால் அங்கே அதற்கு அதிர்வை அடக்கும் வேலை இல்லை. அன்றைய ஏ.சி. சர்வோக்களில் பிழை சமிக்ஞை ஒரு சுமப்பு அலைமேல் ஏறி வரும். அந்த அலையின் அதிர்வெண்ணிலேயே நாட்ச் வைத்தால், மாறாத பிழை அடிபட்டு, பிழை மாறும் வேகம் வெளியே வரும். பி.ஐ.டி. கண்ட்ரோலில் 'டி' என்கிறோமே, அதைத் தந்தது இந்தச் சுற்று.

அதிர்வுக்காக ஃபில்டர் வைத்ததற்கு நல்ல உதாரணம் ராக்கெட்டில் கிடைத்தது. 110 மீட்டர் உயர சாட்டர்ன் 5 பறக்கும்போது வளையும். உணரிகள் அந்த வளைவையும் திசைமாற்றமாக எடுத்துக்கொண்டால் எஞ்சின்கள் திரும்பித் திரும்பி அதை வளர்த்துவிடும். அதைத் தடுக்கவே கட்டுப்பாட்டுக் கணினியில் ஃபில்டர்கள் இருந்தன.

நம் மோட்டாரும் சுமையும் அப்படித்தான். நடுவில் கப்ளிங் ஒரு ஸ்பிரிங். நாட்ச் அந்த ஸ்பிரிங்கை விறைப்பாக்குவதில்லை. மோட்டார் அதைத் தூண்டாமல் பார்த்துக்கொள்கிறது, அவ்வளவுதான். வெளியிலிருந்து அடி விழுந்தால் சுமை ஆடத்தான் செய்யும். கட்டளையாலேயே எழும் ஆட்டத்துக்கு வேறு வழி உண்டு: ஓ. ஜே. எம். ஸ்மித் 1957இல் சொன்னபடி, கட்டளையை இரண்டாகப் பிரித்து, பிற்பாதியை அரை அலைவு கழித்துக் கொடுப்பது.

நாட்ச் இலவசமும் அல்ல. அது தனக்குக் கீழுள்ள அதிர்வெண்களில் தாமதத்தைச் சேர்க்கும். அகலமாக வைத்தால் கூடுதலாகச் சேர்க்கும். பெல்ட் தளர்ந்தால் அதிர்வெண் நகர்ந்துவிடும், நாட்ச் பழைய இடத்திலேயே நிற்கும். எனவே லேப்டாப்பைத் திறக்கும் முன் கப்ளிங் போல்ட்டையும் பெல்ட் இறுக்கத்தையும் கையால் ஒருமுறை சோதித்துவிடுங்கள்.