டரட் எது வாங்கலாம்?

கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-ல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வாங்கினது 10 மீட்டர் ஏர் ரைபிளில். அந்தப் போட்டியில் ஸ்கோப்புக்கு அனுமதி கிடையாது. ஆனாலும் குறிபார்க்கிற இடத்துல ரெண்டு திருகு உண்டு: ஒண்ணு மேல்-கீழ், இன்னொண்ணு இடம்-வலம். தொலைதூர ஸ்கோப்பில் இதே வேலையைச் செய்யறதுதான் டரட்.

எதை வாங்கலாம்னு கேட்டா என் கட்சி இது. ஒரு க்ளிக் 0.1 மில் என்றால் 100 மீட்டரில் 1 செ.மீ., 1000 மீட்டரில் 10 செ.மீ. எங்க ஆயக்குடி கொய்யாவை விடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். கால் எம்.ஓ.ஏ. க்ளிக் அதே 1000 மீட்டரில் 7 செ.மீ. சொச்சம். ரெண்டும் நல்லதுதான். ஆனா கண்ணாடிக்குள் தெரியற கோடுகளும் அதே அளவில் இருக்கணும். கோடு மில், திருகு எம்.ஓ.ஏ.ன்னா, கணக்குப் போட்டு முடிக்கறதுக்குள்ள காத்து மாறிடும்.

அதைவிட முக்கியம் ஜீரோ ஸ்டாப். பல டரட்டுகளில் ஒரு முழுச் சுத்து 10 மில். சுத்தி வந்தா மறுபடி அதே எண்தான் தெரியும். ஒரு சுத்து மிச்சம் இருக்கறது தெரியாம 100 மீட்டரில் சுட்டா குண்டு 1 மீட்டர் மேலே போகும். மண்மேட்டைத் தாண்டிப் போனா அந்தப் பக்கம் யார் நிக்கறாங்களோ? ஜீரோ ஸ்டாப் இருந்தா இருட்டுல திருப்பினாலும் சரியான இடத்துல முட்டி நிக்கும்.

காசை மிச்சம் பிடிக்கணுமா? உருப்பெருக்கத்தில் குறைச்சுக்கோங்க. இதில் வேண்டாம்.