ஷனெலும் ஜெர்சித் துணியும்

1916-ஆம் ஆண்டு காப்ரியேல் ஷனெல், ரோடியே என்ற பிரெஞ்சு ஆலையிடம் தேங்கிக் கிடந்த ஜெர்சித் துணியை வாங்கினார். தமிழ்நாட்டில் பனியன் துணி என்று சொல்லும் அதே பின்னல் வகைதான். திருப்பூரின் பிழைப்பே அதை நம்பித்தான் ஓடுகிறது. அன்றைய பிரான்சில் அது ஆண்களின் உள்ளாடைக்கும் விளையாட்டு உடைக்கும் உரிய எளிய சரக்கு. பட்டுடுத்திப் பழகிய பெண்களுக்கு அதில் உடை தைத்து, செல்வர்கள் மட்டுமே கொடுக்கக்கூடிய விலைக்கு விற்றார் ஷனெல். பார்வைக்கு எளிமை, விலையில் உச்சம் என்ற உடை வணிகத்தின் தொடக்கத்தைத் தேடிப் போனால் இந்தக் கொள்முதல் கண்ணில் படாமல் போகாது. ஆனால் கதை அதற்கும் முன்பே தொடங்கிவிடுகிறது.

ஷனெலின் சொந்த வாக்குமூலம் இந்தத் தேடலுக்கு அதிகம் உதவாது. இளமைப் பருவத்தை அவர் ஆளுக்கொரு விதமாகச் சொன்னார். அத்தைமார் வளர்த்ததாகக் கதை கட்டினார். உண்மையில் அவர் பிறந்தது 1883 ஆகஸ்ட் 19 அன்று, சோமூர் நகரில் ஏழைகளுக்கான தரும மருத்துவமனையில். தந்தை ஊர் ஊராகப் போய்ச் சரக்கு விற்றவர். 1895-இல் தாய் இறந்தபின், கன்னியாஸ்திரிகள் நடத்திய இல்லத்தில் வளர்ந்தார். அங்கே தையல் கைவந்தது. பிறகு முலான் நகரில் பகலில் தையல் வேலை, இரவில் மேடையில் பாட்டு. 1910-இல் பாரிஸின் காம்போன் தெருவில் தொப்பிக் கடை திறந்தார். முதல் போட்டவர் ஆர்தர் கேப்பல் என்ற ஆங்கிலேயர், ஷனெலின் காதலர்.

திருப்பம் வந்தது தோவில் என்ற கடற்கரை ஊரில். குதிரைப் பந்தயத்துக்கும் சூதாட்டத்துக்கும் பணக்காரர்கள் கூடும் ஊர் அது. 1913 வாக்கில் அங்கே கடை திறந்த ஷனெல், மாலுமிகளின் தளர்வான சட்டைகளையும் ஆண்களின் கம்பளிப் பின்னல் மேலுடைகளையும் பெண்களுக்கு ஏற்ப மாற்றித் தைத்து விற்றார். 1914 ஆகஸ்டில் போர் மூண்டது. பாரிஸின் செல்வக் குடும்பங்கள் தோவிலுக்கு வந்து சேர்ந்தன. விடுதிகள் மருத்துவமனைகளாயின, சீமாட்டிகள் காயம்பட்டவர்களுக்குப் பணிவிடை செய்தார்கள். வண்டியோட்டியும் பணியாளும் போர்முனைக்குப் போய்விட்ட நிலையில் நடக்கவும் குனியவும் தோதான உடை வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு ஸ்பெயின் எல்லைக்கு அருகே பியாரிட்ஸில் இன்னொரு உடையகம். ஸ்பெயின் போரில் சேராத நாடு. அங்கிருந்து வந்த பிரபுக் குடும்பங்களின் பணம் ஷனெலைச் சொந்தக் காலில் நிற்க வைத்தது.

துணிக்குத் தட்டுப்பாடு வந்த காலத்தில்தான் ஜெர்சி அவர் கைக்கு வந்தது. தறியில் நெய்யும் துணியில் நூல்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். பின்னலிலோ ஒரு நூலே கண்ணி கண்ணியாகக் கோத்துக்கொண்டு போகும். அதனால் இழுத்தால் நீளும், உடம்போடு அசையும். தொல்லையும் உண்டு: வெட்டிய ஓரம் சுருண்டுகொள்ளும், கண்ணி நழுவினால் ஓட்டை நீளும். மடிப்புகளும் இறுக்கமான வடிவங்களும் அதில் எளிதில் நிற்காது. ஆகவே வெட்டு நேராக இருந்தாக வேண்டும், அலங்காரம் குறைந்தாக வேண்டும். ஷனெலின் எளிமைக்கு அவருடைய ரசனையோடு துணியின் குணமும் காரணம் என்றே நான் கருதுகிறேன். போர்க்காலப் பாணி இதழ்களில் அவருடைய ஜெர்சி உடைகளின் ஓவியங்கள் வெளியாயின. முன்பக்கம் திறந்த நீள மேலங்கி, இடுப்புக்குக் கீழே தளர்வாகக் கட்டிய பட்டை, கை நுழையும் அளவுக்குப் பெரிய பைகள், கணுக்கால் தெரியும் பாவாடை. யார் துணையும் இல்லாமல் ஒரு பெண் தானே போட்டுக்கொள்ளக்கூடிய உடை அது.

இடுப்பை இறுக்கும் கச்சிலிருந்து பெண்களை விடுவித்தவர் ஷனெல் என்று அடிக்கடி எழுதுகிறார்கள். அது முழு உண்மை அல்ல. உடை வடிவமைப்பாளர் பால் புவாரே 1900-களின் நடுவிலேயே கச்சில்லாத உடைகளைத் தைத்தார். பிறகு அவரே கால்களைக் கட்டிப்போடும் குறுகிய பாவாடையையும் கொண்டுவந்தார். மதலேன் வியோனே என்ற வடிவமைப்பாளரும் ஷனெலுக்கு முன்பே கச்சைக் கைவிட்டவர். ஜெர்சியைப் பெண்களிடம் பிரபலமாக்கிய புகழ் 1880 வாக்கிலேயே நடிகை லில்லி லாங்ட்ரிக்குச் சேர்ந்துவிட்டது. ஆனால் அன்று அந்தத் துணியையும் கச்சின்மேல் இறுக்கித்தான் உடுத்தினார்கள். அதைத் தளரவிட்டு, தன் பெயரிட்டு, பெருவிலை வைத்ததே ஷனெலின் பங்கு.

அதன்பின் வளர்ச்சி வேகமானது. 1921-இல் ஐந்தாம் எண் வாசனைத் திரவியம் வந்தது. 1924-இல் அதன் வணிகம் வெர்த்தைமர் சகோதரர்களின் முதலீட்டில் தனி நிறுவனமாயிற்று. 1926-இல் ஷனெலின் எளிய கறுப்பு உடையை அமெரிக்க வோக் இதழ் ஃபோர்டு காருக்கு ஒப்பிட்டது. 1939-இல் போர் வந்ததும் உடையகத்தை மூடினார்.

அடுத்த பக்கம் இருண்டது, மறைக்கக் கூடாதது. நாஜி ஆக்கிரமிப்பின்போது, யூதச் சொத்துகளைப் பறிக்கும் சட்டத்தைப் பயன்படுத்தி வெர்த்தைமர் குடும்பத்தின் பங்கைத் தன்வசமாக்க ஷனெல் முயன்றார். அவர்கள் முன்கூட்டியே ஃபெலிக்ஸ் அமியோ என்ற பிரெஞ்சுத் தொழிலதிபரிடம் நிறுவனத்தை ஒப்படைத்திருந்ததால் அது பலிக்கவில்லை.

1954 பிப்ரவரி 5 அன்று, எழுபது வயதில், ஷனெல் மீண்டும் உடைகளைக் காட்சிக்கு வைத்தார். பாரிஸ் பத்திரிகைகள் குறை கூறின, அமெரிக்கர்கள் வாங்கினார்கள். அந்தக் காலத்து மேலங்கியின் கீழ்மடிப்புக்குள் மெல்லிய உலோகச் சங்கிலி தைத்திருக்கும். அந்தக் கனத்தால் துணி எழும்பாமல் நேராகத் தொங்கும். 1955-இல் தோளில் மாட்டும் சங்கிலிப் பை வந்தது. மறுவருகைக்குப் பணம் போட்டது வெர்த்தைமர் குடும்பம். நிறுவனம் இன்றும் அக்குடும்பத்தின் கையில் இருக்கிறது.