ஈழத்தலரி

புளியந்தீவில் எங்கள் முற்றத்தில் நின்ற ஈழத்தலரியை 1978 நவம்பர் 23 ஆம் நாட் சூறாவளி வேரோடு சாய்த்தது. அம்மா முறிந்த கொப்பொன்றை எடுத்து, பால் வற்றும்வரை நிழலில் கிடத்திப் பின் மணலில் ஊன்றினார். மறு ஆண்டுக் கச்சான் காற்றில் அது இலையுதிர்த்து வெறுந்தடியாக நின்றது. பட்டுவிடுமோ என்றஞ்சி நாள்தோறும் குடங்குடமாக நீர் வார்த்தேன்; அடி அழுகிற்று. இலையற்ற காலத்தில் அதற்கு நீர் வேண்டா என்பதை நான் அறிந்திருக்கவில்லை. அம்மா கடிந்துகொள்ளவில்லை, அழுகாத நுனியை வெட்டி மீண்டும் உலர்த்தினார்.

பெயரில் ஈழத்தைச் சுமக்கும் இச்செடியின் தாயகம் மெக்சிக்கோவும் மத்திய அமெரிக்காவுமாம்! இதனைப் பல்கலைக்கழகம் புகுந்த பின்னரே கற்றேன்.

அம்மா இன்றில்லை. இவ்வாண்டுக் கச்சானிலும் இலையின்றியே பூத்து நின்றது. வாளியை நான் தொடவில்லை.