பழைய எண்ணும் புதிய வீடும்

"வீட்டைக் கட்டிப்பார், கலியாணத்தைச் செய்துபார்" என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். அவர்கள் காலத்தில் தொலைபேசி இருந்திருக்குமாயின், "அதனை இடம் மாற்றிப்பார்" என்று மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்திருப்பார்கள் என்பது என் துணிபு.

உடுப்பிட்டியில் உள்ள எங்கள் பரம்பரை வீடு, 1987ஆம் ஆண்டு வடமராட்சியில் நடந்த இராணுவ நடவடிக்கையின்போது கூரையை இழந்தது. அதன் பின்னர் இடம்பெயர்வும் வறுமையும் மாறி மாறி வந்தமையால் அதனைத் திருத்த இயலவில்லை. இருபது ஆண்டுகளாக நெல்லியடிப் பக்கத்தில் வாடகை வீட்டிலேயே காலந் தள்ளினோம். சென்ற ஆண்டுதான் சுவர்களுக்கு மேல் மீண்டும் ஓடு ஏறிற்று. நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சிக் குடிபூர்ந்தோம். பெட்டகமும் ஆட்டுக்கல்லும் என் புத்தக மூட்டைகளும் ஒரு லான்ட்மாஸ்டரில் ஏறி ஒரே நாளில் வந்து சேர்ந்தன. தொலைபேசி மாத்திரம் வரவில்லை.

கைத்தொலைபேசி ஆளுக்கொன்றாக மலிந்துவிட்ட இக்காலத்தில், சுவரோரத்துத் தொலைபேசிக்கு ஏன் இத்தனை ஆரவாரம் என்று வாசகர்கள் கேட்கலாம். காரணம் என் தாயார். அவருடைய தமக்கையார், அதாவது என் பெரியம்மா, கனடாவில் ரொறன்ரோ நகரில் வாழ்கிறார். அங்கே சனிக்கிழமை இரவாகும்போது இங்கே ஞாயிற்றுக்கிழமை காலை. அந்த வேளையில் வாரந் தவறாமல் அவருடைய அழைப்பு வரும். பெரியம்மாவுக்குக் கண் பார்வை மங்கிவிட்டது. நினைவும் தளர்ந்து வருகிறது. கைத்தொலைபேசியின் கண்ணாடியைத் தொட்டுப் பேசும் வித்தை அவருக்குக் கைவரவில்லை. ஆயினும் பழைய தொலைபேசியின் பொத்தான்களை விரலால் தடவி, எங்கள் வீட்டு எண்ணைப் பிழையின்றி அழுத்துவார். பேரப்பிள்ளைகளின் பெயர் மறந்தாலும் அந்த எண் அவருக்கு மறப்பதில்லை.

1990ஆம் ஆண்டுக்குப் பின் குடாநாட்டின் தொலைபேசித் தொடர்பு அறுந்து கிடந்த காலத்தை அனுபவித்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும். ஒருவர் இருக்கிறாரா இல்லையா என்பதை அறியவே மாதக்கணக்காகக் கடிதத்துக்குக் காத்திருந்த காலம் அது. 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின் பின்னரே எங்கள் வீட்டில் மணி ஒலித்தது. அன்று பெரியம்மா மனனம் செய்த எண்ணே இன்றும் இருப்பது.

நிற்க. இடமாற்றத்துக்கு விண்ணப்பிக்கச் சென்றேன். பாடசாலை மணி அடிப்பதற்குள் திரும்பவேண்டிய அவசரம்.

"சேர், இது சின்ன வேலை. பழைய நம்பரே வரும். மூவாயிரம் ரூபாதான் முடியும். இதில ஒரு கையெழுத்து வையுங்கோ" என்றார் கந்தோரில் இருந்த இளைஞர்.

ஆங்கிலத்தில் நுண்ணெழுத்தில் அச்சிட்ட இரண்டு பக்கப் பத்திரம். சில கட்டங்கள் நிரப்பப்படாமல் இருந்தன. "வினாவை இருமுறை வாசித்த பின்னரே விடை எழுதுங்கள்" என்று இருபது ஆண்டுகளாக மாணவர்க்குப் போதித்து வரும் நான், ஒருமுறையேனும் வாசியாமல் கையெழுத்திட்டேன்.

ஐந்து வாரங்கள் கழிந்த பின் இணைப்பு வந்தது. பழைய எண்ணேதான். அன்னையார் மகிழ்ந்தார். அடுத்த மாதம் பட்டியல் வந்தது. "புதிய இணைப்புக் கட்டணம்" 8,500 ரூபா. தொலைபேசி உயிரற்றுக் கிடந்த ஐந்து வாரங்களுக்கும் வாடகை 900 ரூபா. மொத்தம் 9,400 ரூபா. குறித்த திகதிக்குள் செலுத்தாவிடின் இணைப்பு துண்டிக்கப்படும் என்று அடியில் ஓர் எச்சரிக்கை. துண்டித்தால் அந்த எண் வேறொருவருக்குப் போய்விடலாம் என்று கந்தோரில் சொன்னார்கள்.

மேலாளரைக் கண்டேன். அவர் பத்திரத்தை எடுத்துக் காட்டினார். "புதிய இணைப்பு" என்ற கட்டத்தில் அடையாளம் இடப்பட்டிருந்தது. நான் கையெழுத்திட்டபோது அது வெறுமையாக இருந்தது. ஆனால் என் கையெழுத்து என்னுடையதுதான்.

"நீங்கள் படிச்ச ஆக்கள், சேர். பார்த்துத்தானே கையெழுத்து வைச்சிருப்பியள்" என்றார் அவர். அந்தச் சொல் பட்டியலைவிடக் கனமாக இருந்தது.

வீட்டில் மனைவி, "இஞ்சேருங்கோ, காசைக் கட்டிப்போட்டு வாங்கோ. ஆறாயிரம் ரூபாவுக்காக மாமியின்ர வாயை அடைக்கப் போறியளோ?" என்றாள். அன்னையார் சொன்னது இன்னும் கடினமானது. "தம்பி, உன்ர பக்கம் நியாயம் இருந்தால் விடாதை. ஆனால் அக்கா எடுக்கிற நேரம் மணி அடிக்காமலும் விட்டிடாதை."

இரண்டையும் எங்ஙனம் ஒருங்கே செய்வது? அன்று இரவு அமர்ந்து சிந்தித்தேன். பழைய கம்பித் தொலைபேசியில் எண் என்பது வீட்டுக்கு உரியதன்று. வீட்டிலிருந்து செல்லும் இரட்டைக் கம்பி தெருக் கம்பத்தில் ஏறி, வழியிலுள்ள பெட்டியைக் கடந்து, தொலைபேசி நிலையத்தை அடைகிறது. எண் இருப்பது அங்கேதான். ஒரே நிலையத்தின் எல்லைக்குள் வீடு மாறினால், பழைய வீட்டுக் கம்பியை அங்கே கழற்றிப் புதிய வீட்டுக் கம்பியைப் பூட்டுகிறார்கள். எண் மாறாது. எனவே, பழைய எண்ணே வந்தமையே இது இடமாற்றம் என்பதற்குச் சான்று. மறுபிறவி எடுத்த உயிர் பழைய பெயரோடு வருவதில்லை அல்லவா?

ஆயினும் நியாயம் மனத்தில் இருந்தால் போதாது, தாளில் இருக்கவேண்டும். மறுநாள் பணம் முழுவதையும் செலுத்தினேன். அதனுடன், "இத்தொகையை ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன், செலுத்துவதால் கடனை ஒப்புக்கொண்டதாகக் கொள்ளலாகாது" என்று ஒரு கடிதமும் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை இடுவித்துக்கொண்டேன். கேட்டவை மூன்று. பழைய எண்ணுக்குப் புதிய இணைப்புக் கட்டணம் ஏன்? இயங்காத நாட்களுக்கு வாடகை ஏன்? கட்டங்கள் நிரப்பப்பட்ட பத்திரத்தின் பிரதி எனக்கு ஏன் தரப்படவில்லை? பத்திரத்தை வாசியாமல் கையெழுத்திட்டது என் தவறு என்பதையும் மறையாமல் எழுதினேன்.

நம் நாட்டில் 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டமும், அதனைத் திருத்திய 1996ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டமும் உள்ளன. பின்னதன் வழி அமைந்ததே தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. சந்தாதாரரின் முறைப்பாட்டை விசாரிக்கும் அதிகாரம் அதற்கு உண்டு. கொழும்பு எல்விட்டிகல மாவத்தையிலுள்ள அந்த ஆணைக்குழுவுக்கு என் கடிதத்தின் பிரதியைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். அனுப்பியதை நிறுவனத்துக்கும் அறிவித்தேன். முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு, அதன் பின் மேலிடத்துக்குச் செல்வதே ஒழுங்கு.

இரண்டு மாதம் சென்றது. பின்னர் ஒரு பட்டியலில் 5,200 ரூபா எங்கள் கணக்கில் வரவு வைக்கப்பட்டிருந்தது. இயங்காத வாரங்களின் வாடகை முழுவதும் திரும்பிற்று. இணைப்புக் கட்டணம் இடமாற்றக் கட்டணமாகக் குறைந்தது. மேலதிகக் கம்பிக்கென 1,200 ரூபா மாத்திரம் திரும்பவில்லை. பத்திரத்தின் இரண்டாம் பக்கத்தில் அது தெளிவாகவே அச்சிடப்பட்டிருந்தது. வாசியாத குற்றத்துக்கு நான் செலுத்திய தண்டம் என்று அதனை ஏற்றுக்கொண்டேன்.

"எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா?" என்பர். வாய்ச்சொல்லாகக் கேட்ட மூவாயிரம் காற்றோடு போயிற்று. எழுத்தில் கேட்ட மூன்று கேள்விகளே பயன் தந்தன. வீடு மாறும் அன்பர்கள், கட்டணம் எவ்வளவு என்பதை முன்கூட்டியே எழுத்தில் பெறுக. வெறுங் கட்டத்தைக் கோடிட்டு அடைத்த பின் கையெழுத்திடுக. பழைய இணைப்பு நின்ற நாளையும் புதியது இயங்கிய நாளையும் குறித்து வைக்க. சிறு தொகைக்காக வழக்காடுவது கஞ்சத்தனமன்று. நாம் கேளாமல் விடும் தொகையை, நமக்குப் பின் வருபவர்களும் கேளாமலே செலுத்துவார்கள்.

சென்ற ஞாயிறு காலை மணி ஒலித்தது. அன்னையார் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தார்.

"ஓம் அக்கா, நான்தான். உடுப்பிட்டியில இருந்துதான் கதைக்கிறன். எங்கட வீட்டில இருந்துதான்."

எதிர்முனையில் நெடுநேரம் பேச்சில்லை. இந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவர் பெரியம்மா. பின்னர், "முத்தத்து மாமரம் நிக்குதோ?" என்று அவர் கேட்டது, தள்ளி நின்ற எனக்கும் கேட்டது.